வலு குறைந்த பிறகுதான் வேடிக்கை

பிரிஸ்பேன், ஆஸ்திரேலியா
12.03.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நீ போன் பண்ணி "புயல் வலுவிழந்துடுச்சாமே, இனிமே பயமில்லல்ல?" என்று கேட்டபோது நானும் ஆமாம் ஆமாம் என்றுதான் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே கரண்ட் போய்விட்டது. மிச்சமிருந்த சார்ஜை அவசரத்துக்கு வைத்துக்கொண்டு அண்ணனுக்கு ஒரு மெசேஜ் மட்டும் போட்டேன், சொன்னானா?

இந்த ஆல்ஃபிரெட் புயல் இருக்கிறதே, வியாழக்கிழமை ராத்திரியே கரையைக் கடக்கும் என்றார்கள், அது என்னவோ ஆழித்தேர் வடம் பிடித்த மாதிரி நின்று நின்று அசைந்து வந்து, சனிக்கிழமை காலையில் வெறும் தாழ்வு மண்டலமாகி, அதற்கப்புறம்தான் எங்களுக்கு வடக்கே இருக்கிற பிரைபி தீவைத் தொட்டது. அதற்குள் பள்ளிக்கூடம் மூடி, பஸ் நின்று, கடையில் ரொட்டியும் தண்ணீர் பாட்டிலும் தீர்ந்து, மணல்மூட்டைக்கு நான் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றதெல்லாம் முடிந்திருந்தது. வலு குறைந்தது என்றதும் தெருவில் பாதிப் பேர் கட்டி வைத்த குப்பைத்தொட்டியை அவிழ்த்துவிட்டார்கள். நானும்தான்.

பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் அவிழ்க்கவில்லை. 1974 ஜனவரியில் வாண்டா என்று ஒரு புயல், அதுவும் பெரிய புயல் இல்லையாம், கரையைக் கடந்து செத்துப்போன பிறகு கொட்டின மழையில்தான் பிரிஸ்பேன் ஆறு ஊருக்குள் வந்தது என்றார். "காத்து போயிடும், தண்ணி எங்கே போகும்?" என்று கேட்டுவிட்டு, மீதியிருந்த மணல்மூட்டையைக் குளியலறைத் தண்ணீர் போகிற ஓட்டை மேலேயும் கக்கூஸுக்குள்ளேயும் வைக்கச் சொன்னார். சாக்கடை நிரம்பினால் வாசல் வழியாக வராதாம், அது வழியாகத்தான் பொங்குமாம். கஜாவில் அவ்வளவு பட்ட நமக்கே இது தெரியாது பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதுதான் நடந்தது. காற்று பெரிதாக இல்லை, மழை மட்டும் குழாயைத் திறந்து விட்ட மாதிரி. மறுநாள் காலை 9 மணி வரைக்கும் 24 மணி நேரத்தில் 275 மில்லிமீட்டர், 1974க்குப் பிறகு இந்த ஊர் ஒரே நாளில் இவ்வளவு பார்த்ததில்லை. பின்னால் இருக்கிற ஓடை, நாம் தாண்டிக் குதிக்கிற அகலம்தான், அது வேலியில் மூன்றாவது பலகை வரை ஏறியது. குளியலறை மூட்டை ஓரத்தில் குமிழ் குமிழாக வந்தது, நாற்றம் வேறு. அவ்வளவோடு நின்றது.

இவர் காரை மேட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார், நான் சாவியைக் கொடுக்கவில்லை. தெருமுனையில் தண்ணீர் முழங்கால் அளவுதான் தெரிந்தது, ஆனால் அடியில் ரோடு இருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும். வெள்ளம் ஓடுகிற ரோட்டில் வண்டியை இறக்கவே கூடாது என்று வருஷம் முழுக்க இங்கே சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அது எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அப்பாவிடம் ஒன்று சொல். நம்மூரில் புயல் கடக்கிற இடத்துக்கு வடக்கே இருப்பவர்களுக்குத்தானே கடல்காற்று அடிக்கும், இங்கே புயல் சுற்றுகிற திசையே தலைகீழ், தெற்கே இருப்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பிரைபிக்குத் தெற்கே நாங்கள், இன்னும் தெற்கே கோல்ட் கோஸ்ட். அங்கே கடற்கரை மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போய், மண்வெட்டியால் செதுக்கின மாதிரி செங்குத்தாக நிற்கிறது.

திங்கள் சாயங்காலம் கரண்ட் வந்தது. ஃபிரிட்ஜில் இருந்ததில் பாதி குப்பைக்கு. இட்லி மாவு மட்டும் பொங்கி டப்பா மூடியைத் தள்ளிவிட்டிருந்தது, புளிப்பு தாங்கவில்லை, வெங்காயம் நிறையப் போட்டு ஊத்தப்பமாக ஊற்றித் தாத்தாவுக்கும் இரண்டு கொடுத்தேன். அவர் அதில் ஜாம் தடவிச் சாப்பிட்டார்.

குப்பைத்தொட்டியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
உன் சின்ன மகள்