கடை வாசலில் வடிகால் வளைந்த கதை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மழைநீர் வடிகாலுக்காக நம் தெருவைத் தோண்டியதிலிருந்து நீங்கள் படும் பாடு எங்களுக்குத் தெரியும். பட்டுப் புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பலகைமேல் நடந்து வரும் அம்மாக்களைப் பார்க்கிறபோது எங்களுக்கே பதறுகிறது. அப்படியும் வேறு சலவைக்கடை தேடிப் போகாத உங்களுக்கு முதலில் நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறோம். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது. நேராக வரும் வடிகால் எங்கள் கடை வாசலில் மட்டும் ரோட்டுப் பக்கம் வளைகிறது. மேலே, ‘கவுன்சிலரைக் கவனித்தால் கால்வாயும் வளையும்’ என்று ஒரு வாசகம். வாசகம் நன்றாகத்தான் இருக்கிறது. உண்மைதான் இல்லை.

படம் எடுத்தவர் இரண்டடி தள்ளி நின்றிருந்தால் எங்கள் படிக்குப் பக்கத்திலேயே இருக்கும் மின்வாரிய பில்லர் பாக்ஸும் விழுந்திருக்கும். துருப்பிடித்த கதவு, அதன்மேல் கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். இந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் அதிலிருந்துதான் கேபிள் போகிறது. அதை நகர்த்த மின்வாரியம் எஸ்டிமேட் போட வேண்டும், அந்தத் தொகையை மாநகராட்சி கட்ட வேண்டும். மழைக்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசரத்தில் ஒப்பந்ததாரர் அதைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். எங்கள் சிமெண்ட் படியையோ தோண்டிய அன்றே இடித்துவிட்டார்கள். இப்போது நீங்கள் ஏறுவது நாங்கள் செய்து போட்ட இரும்புப் படி. வேண்டியவன் கடைப் படியையா இடிப்பார்கள்?

வளைவு எங்களுக்கும் பிடிக்கவில்லை. திரும்புகிற இடத்தில் தண்ணீரின் வேகம் குறைந்து மண் படியும். அங்கே ஒரு வண்டல் தொட்டியும், திறந்து தூர்வார மூடியும் வேண்டும். இதை ஏரியா சபையில், அதாவது வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், எழுதியே கொடுத்தோம். பதில் இன்னும் வரவில்லை. 2016 முதல் 2022 வரை கவுன்சிலரே இல்லாமல் தனி அலுவலர்கள் நிர்வாகம் நடந்தபோது கேட்க ஆளில்லை என்று எல்லோரும் புலம்பினோம். இப்போது கேட்க ஒரு கூட்டம் இருக்கிறது. நாங்கள் எழுதிக் கொடுத்த அன்றைக்கு அங்கே பாதி நாற்காலி காலி. படத்தைப் பரப்பியவர்களில் யாரையும் அங்கே பார்த்த ஞாபகம் இல்லை.

வரி பற்றியும் சிலர் கேட்டீர்கள். 2022 ஏப்ரலில் அறிவித்த சொத்து வரி உயர்வில், நம்மைப் போலச் சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீடுகளுக்கு 25 சதவீதம்தான். கடைக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். கட்டுவது கட்டட உரிமையாளர் என்றாலும் அது எங்கள் வாடகையில் வந்து உட்கார்ந்துவிட்டது. வரியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. வடிகாலுக்குக் காசு வேண்டும்தானே. அந்தக் காசில் பில்லர் பாக்ஸை நகர்த்தவும் கொஞ்சம் ஒதுக்கியிருக்கலாம் என்பதுதான் எங்கள் வருத்தம்.

இவ்வளவு நடந்தும் குழுவில் எங்களுக்காகப் பேசிய பழைய வாடிக்கையாளர்களை மறக்கமாட்டோம். யார் யார் என்று பெயர் போட்டால் அவர்களுக்கும் சேர்த்து ஒரு வாசகம் எழுதிவிடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறோம்.

அப்புறம், அடுத்த மாதம் முதல் கட்டணத்தில் சிறு மாற்றம் உண்டு. பட்டியல் கல்லாவுக்கு அருகில் ஒட்டியிருக்கிறது. பள்ளம் மூடும்வரை வீட்டுக்கு வந்து துணி எடுக்க இயலாது. பெரியவர்கள் பலகை ஏற வேண்டாம். எதிர்ச்சாரியில் நின்று போன் செய்தால் பையன் வந்து வாங்கிக்கொள்வான்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்