வேலை மாறுவது பற்றி மகளுக்கு

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.

அன்புள்ள மகளுக்கு,

சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை, சொந்தமாக மென்பொருள் செய்து விற்கும் அந்தச் சிறிய நிறுவனத்துக்கு மாறலாமா என்று தொலைபேசியில் கேட்டாய். அம்மாவுடனும் கலந்து பேசிவிட்டே எழுதுகிறேன். மாறு, பிள்ளை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் இப்போதைய வேலையை நான் தாழ்வாக எண்ணவில்லை. 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்ததால் எங்கள் வயல்களில் விளைச்சல் விழுந்து, அடுத்த ஆண்டு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறி, வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்த வேளையிலும், மின்வெட்டுக்கு நடுவே நீங்கள் செய்த வேலைக்கு டொலர் வந்துகொண்டுதான் இருந்தது. எங்கள் வீட்டு அடுப்பும் அதனால்தான் எரிந்தது.

ஆனால் தைப்பொங்கலுக்கு வந்திருந்தபோது, அமெரிக்க வாடிக்கையாளருடன் நள்ளிரவு தாண்டிப் பேசி முடித்துவிட்டு, எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் சென்றது என்று அரை மணிக் கணக்கில் நீ பதிந்துகொண்டிருந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்தக் கணக்குக்குத்தான் பணம் என்றாய். எழுதிக் கொடுத்தது முழுவதும் அவர்களுக்கே சொந்தம் என்றும் சொன்னாய். நாங்கள் ஈர நெல்லைக் களத்திலேயே லொறிக்கு ஏற்றிவிட, ஆலைக்காரர் அதை அரிசியாக்கித் தன் பெயர் போட்ட பையில் விற்பது போன்றதுதான் இதுவும். மணிக்கு இவ்வளவு என்று உழைப்பை விற்கும் நாட்டுக்கு, அதைவிட மலிவாக விற்கும் இன்னொரு நாடு என்றைக்கும் போட்டியாக இருக்கும். இப்போது கணினி நிரலைச் செயற்கை நுண்ணறிவே எழுதத் தொடங்கிவிட்டதால், அந்த மணியின் விலை இன்னும் இறங்கும் என்றே அஞ்சுகிறேன்.

சொந்தப் பொருள் இங்கே எடுபடாது என்று உன் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. சஞ்சீவ வீரவரண முதலானோர் 2005 இல் தொடங்கி, கொழும்பிலிருந்தே வளர்த்த டபிள்யூ.எஸ்.ஓ.2 என்ற மென்பொருள் நிறுவனத்தை, 2024 இல் சுவீடனின் முதலீட்டு நிறுவனமான ஈ.கியூ.டி. 60 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்க முன்வந்தது. தமிழ்நாட்டில் ஸ்ரீதர் வேம்புவின் மென்பொருள் நிறுவனமான ஸோஹோ, தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்ற கிராமத்தில் அலுவலகம் வைத்து, பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்குத் தானே பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. நமக்கோ கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமே இருக்கிறது. அங்கே கணினிப் பொறியியல் முடித்தவர்கள் பயணப்பையுடன் ஏ9 வீதியில் கொழும்புப் பேருந்துக்குக் காத்து நிற்பதைக் காணும்போதெல்லாம் மனம் பொறுக்கவில்லை. புதிய இடத்தில் உன் சொல்லுக்கு மதிப்பு வந்த பிறகு, அவர்களில் நான்கு பேருக்காவது கிளிநொச்சியிலிருந்தே செய்யக்கூடிய வேலையைக் கேட்டு வாங்கு.

ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், பணம் கட்டிப் பயன்படுத்தும் வாடிக்கையாளர் எத்தனை பேர், நிறுவனத்தில் உனக்குப் பங்கு உண்டா, ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று கேட்டுக்கொள். தம்பியின் படிப்புச் செலவை நினைத்துத் தயங்காதே. பெரும்போக நெல் விற்ற பணத்தில் அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா