ஆண்டறிக்கை 2024–25: இரண்டாம் விதியும் இரண்டு கல்லூரிகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடும்பத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் கல்லூரி விளையாட்டுப் போட்டிகளைச் சேர்ந்து பார்க்கும் நம் சங்கத்தின் 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். இவ்வாண்டு மறைந்த மூத்த உறுப்பினருக்குக் கூட்டத் தொடக்கத்திலேயே எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம்.

போன வாரம் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது என் மாமனார் எட்டிப் பார்த்தார். திரையில் 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல் பத்து இடத்தில் இருந்தது. "என்ன மாப்பிள்ளை, எந்தக் கட்சி மாநாடு?" என்றார். கட்சி இல்லை மாமா, கல்லூரி என்றேன். "ஓ, பெர்க்லியில் தமிழ் மாநாடு நடத்துவார்களே, அதுவா?" என்றார். அவருக்காகவும், அவரைப் போல முன்வரிசையில் ஸ்வெட்டர் போட்டு அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்காகவும் கொஞ்சம் விளக்கிவிட்டு மேலே போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகள் தங்களுக்குள் சேர்ந்து அமைத்துக்கொள்ளும் விளையாட்டுக் கூட்டமைப்பு. யார் யாரோடு எப்போது ஆடுவது, நடுவர்களை யார் அனுப்புவது, தொலைக்காட்சிக்காரர் தரும் பணத்தை எப்படிப் பங்கு போடுவது, எல்லாம் அதன் வேலை. நம்மூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் மண்டலவாரியாக மோதிக்கொள்ளுமே, ஏறக்குறைய அதுபோல. ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே மண்டலத்தை மேலிடம் ஒதுக்கிக் கொடுக்கும். இங்கே கல்லூரி தானாகச் சேரும், தானாகக் கிளம்பியும் போகும். இந்த ஆண்டின் கதை அந்தக் கடைசி வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

நம் சங்க விதிகளில் இரண்டாவது இப்படிச் சொல்கிறது: 'பாக்-12 கூட்டமைப்பின் உறுப்புக் கல்லூரிகள் விரிகுடாப் பகுதியில் ஆடும் போட்டிகளைக் குடும்பத்தோடு கண்டு மகிழ்வதே சங்கத்தின் நோக்கம்.' பாக் என்றால் பசிபிக். எழுதியவர்கள் மேல் குற்றமில்லை. அந்தக் கூட்டமைப்பு 1915 டிசம்பரில் போர்ட்லாந்து நகரில் ஒரு ஹோட்டலில் நான்கு கல்லூரிகளோடு தொடங்கியது. கலிஃபோர்னியா (நாம் பெர்க்லி என்பது), வாஷிங்டன், ஓரிகன், இன்று ஓரிகன் ஸ்டேட் எனப்படும் வேளாண்மைக் கல்லூரி ஆகியவை அந்த நான்கு. 1918-இல் ஸ்டான்ஃபோர்டு வந்தது. 1959-இல் ஆட்டக்காரர்களுக்கு மறைமுகமாகப் பணம் கொடுத்த விவகாரத்தில் ஒருமுறை கலைந்து, வேறு பெயரில் திரும்ப முளைத்தது. பிறகு பாக்-8 ஆனது. 1978-இல் அரிசோனாக் கல்லூரிகள் இரண்டும் சேர்ந்து பாக்-10. 2011-இல் கொலராடோவும் யூட்டாவும் சேர்ந்து பாக்-12. மற்ற எந்தக் கூட்டமைப்பையும் விட அதிகமாக 500-க்கும் மேற்பட்ட தேசியப் பட்டங்களை வென்றவர்கள். இது கலையும் என்று எந்தக் கார் ஷெட்டில் உட்கார்ந்து விதி எழுதுகிறவருக்குத் தோன்றும்?

2022 ஜூன் 30 அன்று தெற்குக் கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி, யுசிஎல்ஏ கல்லூரிகள் இரண்டும் பிக் டென் என்ற வேறொரு கூட்டமைப்புக்குப் போகிறோம் என்று அறிவித்தன. பிக் டென் அந்த ஆகஸ்டில் ஏழாண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேல் தொலைக்காட்சி ஒப்பந்தம் போட்டது. பாக்-12 தன் சொந்தத் தொலைக்காட்சியை 2012-இல் தொடங்கி, அதைப் பெரிய செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவியில் கடைசிவரை ஏற்ற முடியாமல் போனது. (நம் வீடுகளில் எத்தனை சனிக்கிழமைகள் இந்தச் சானல் கிடைக்காமல் சண்டை நடந்தது என்று தனியாக ஓர் அறிக்கை எழுதலாம்.) 2023 கோடையில் கடைசியாக அவர்கள் கையில் இருந்தது சந்தாதாரர் எண்ணிக்கையைப் பொறுத்துப் பணம் ஏறும் ஆப்பிள் இணைய ஒளிபரப்புத் திட்டம். ஜூலை 27 அன்று கொலராடோ கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே வெள்ளிக்கிழமையில் ஐந்து கல்லூரிகள்: ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு, அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா பிக் 12-க்கு. செப்டம்பர் 1 அன்று நம் பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் அட்லான்டிக் கடற்கரைக் கூட்டமைப்பான ஏசிசிக்கு. அதுவும் முதல் சில ஆண்டுகளுக்கு முழுப் பங்கு வேண்டாம், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தந்தால் போதும் என்று ஒப்புக்கொண்டு. பந்தியில் இலை கிடைத்தால் போதும், பாயசம் வேண்டாம் என்ற நிலை.

இவையெல்லாம் நடைமுறைக்கு வந்தது 2024 ஆகஸ்ட் 2, அதாவது நம் அறிக்கை ஆண்டின் இரண்டாம் மாதத்தில். அன்று காலைக் கணக்குப்படி பிக் டென்னில் 18 கல்லூரிகள், பிக் 12-இல் 16, பாக்-12-இல் 2. ஓரிகன் மாநிலம் கோர்வாலிஸில் இருக்கும் ஓரிகன் ஸ்டேட்டும், வாஷிங்டன் மாநிலம் புல்மனில் இருக்கும் வாஷிங்டன் ஸ்டேட்டும். இரண்டும் விரிகுடாப் பகுதியில் இல்லை. விதி எழுத்தின்படி அன்று முதல் நம் சங்கத்துக்கு வேலையே இல்லை. கூட்டமைப்பின் அலுவலகம் மட்டும் சான் ரமோனில், நம் உறுப்பினர்கள் பாதிப்பேர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இருந்தும் செயற்குழு கூடி, 'மரபு கருதி' இந்த ஆண்டும் நிகழ்ச்சிகளை நடத்துவது என்று முடிவெடுத்தது. எழுத்து மூலமான அந்தத் தீர்மானத்துக்கு இன்று பின்னேற்பு கேட்கிறேன்.

முதல் நிகழ்ச்சி அக்டோபர் 5, பெர்க்லியில் மயாமியுடனான அமெரிக்க ஃபுட்பால் ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது, நம்மூர்க் கால்பந்து இல்லை). ஈஎஸ்பிஎன்னின் காலை நிகழ்ச்சியான காலேஜ் கேம்டே முதன்முறையாகப் பெர்க்லிக்கு வந்த நாள். விடியுமுன் கிளம்பிப் போன ஏழு குடும்பங்களுக்கு நன்றி. புளியோதரை விடியற்காலை 5 மணிக்கும் உண்ணத்தக்கதே என்று நிரூபித்தார்கள். ஆட்டம் தொடங்கியது இரவு 7.30-க்கு. மூன்றாம் கால்பகுதியில் பெர்க்லி 35–10 என்று முன்னிலை. நம் பொருளாளர் அப்போதே அடுத்த ஆட்டத்துக்கு டிக்கெட் விலை பார்க்க ஆரம்பித்துவிட்டார். முடிவு மயாமி 39, பெர்க்லி 38. நள்ளிரவை நெருங்கும் நேரத்தில் வாகன நிறுத்தத்துக்கு நடந்தபோது யாரும் பேசவில்லை. அந்த மைதானம் ஹேவர்ட் நிலப்பிளவின் மேலேயே 1923-இல் கட்டியது. ஒரு நாள் இரண்டாகப் பிளக்கும் என்று ஒவ்வொரு முறையும் பிள்ளைகளைப் பயமுறுத்துவோம். மைதானம் அப்படியேதான் இருக்கிறது.

நவம்பர் 23, பெர்க்லி–ஸ்டான்ஃபோர்டு பிக் கேம். 1892-இல் தொடங்கிய போட்டி. முதல் ஆட்டத்துக்குப் பந்து கொண்டுவரவே மறந்துவிட்டார்கள் என்றும், அப்போது ஸ்டான்ஃபோர்டு அணியின் மாணவர் மேலாளர் பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான ஹெர்பர்ட் ஹூவர் என்றும் சொல்வார்கள். செயலாளர் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆறுதலான வரலாறு. இந்த முறை பின்தங்கியிருந்த பெர்க்லி 98 கெஜம் பந்தை நகர்த்திக்கொண்டு போய் 24–21 என்று வென்றது. அன்றைக்கு வந்தவர்கள்தான் ஆண்டிலேயே அதிகம். யார் எந்தக் கூட்டமைப்பில் என்று ஒருவரும் கேட்கவில்லை. வெற்றிப் பந்தை எறிந்த பெர்க்லி குவார்ட்டர்பேக் சில வாரங்களில் பிக் டென் கல்லூரியான இண்டியானாவுக்கு மாறிவிட்டார். கல்லூரிகளே மாறும்போது பையனைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, நவம்பர் 29, சான் ஹோசேயில் ஸ்டான்ஃபோர்டு ஆட்டம். சான் ஹோசே ஸ்டேட் 34–31 என்று ஜெயித்தது. நம்மில் பலர் படித்த கல்லூரி அதுதான். ஆனால் ஒருநாளும் பாக்-12-இல் இருந்ததில்லை என்பதால் நம் விதியில் அதற்கு இடமில்லை. ஸ்டான்ஃபோர்டிலிருந்து 20 மைல். நன்றி கூறல் விடுமுறை என்பதால் பெட்ரோல் செலவு தவிர வேறொன்றும் இல்லை. இதைப் பிறகு தொடுகிறேன்.

குளிர்காலத்தில் நடந்த தவறு என்னுடையது. ஓரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் பெரும்பாலான விளையாட்டுகளுக்கு வெஸ்ட் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் தற்காலிகமாகத் தங்கியிருக்கின்றன. சான்டா கிளாரா, சான் ஃபிரான்சிஸ்கோ, மொராகாவில் உள்ள செயின்ட் மேரீஸ் எல்லாம் அதில்தான். பாக்-12-இன் மிச்சம் நம் வாசலுக்கே வந்து கூடைப்பந்து ஆடியது. நான் முன்பதிவைத் தவறவிட்டேன். ஓரிகன் ஸ்டேட் பெண்கள் மார்ச்சில் அந்தக் கூட்டமைப்பின் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்டான்ஃபோர்டு பெண்கள் அணியோ 36 ஆண்டுகள் தொடர்ந்து ஆடிய தேசியப் போட்டிக்கு இந்த முறை தகுதி பெறவில்லை.

ஜூனில் ஓமஹா நகரில் நடந்த கல்லூரி பேஸ்பால் உலகத் தொடரை உறுப்பினர் ஒருவர் வீட்டுக் கூடத்தில் சேர்ந்து பார்த்தோம். ஓரிகன் ஸ்டேட் பேஸ்பால் அணிக்கு இந்த ஆண்டு எந்தக் கூட்டமைப்பும் கிடையாது. அழைத்தவர் ஊருக்கெல்லாம் போய் ஆடி, தனியாளாகவே ஓமஹா வரை வந்தார்கள். முதல் ஆட்டத்தை வென்று, அடுத்த இரண்டில் தோற்றுத் திரும்பினார்கள். கூடத்தில் எவரும் கோர்வாலிஸைப் பார்த்ததில்லை. அன்று எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

ஒன்றைப் பதிவு செய்தே ஆக வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் மகள் ஒரு கல்லூரி அணியில் இருக்கிறாள்; பெயரும் கல்லூரியும் வேண்டாம் என்றாள். முன்பெல்லாம் போட்டிக்குப் போய் அன்றிரவோ மறுநாளோ திரும்புவோம், இப்போது கிழக்குக் கரைக்கு விமானம், மூன்று மணி நேர வித்தியாசம், வகுப்பு வேலைகள் பாதிக்குமேல் விமானத்தில்தான் என்றாள். ஃபுட்பால் அணி வாரம் ஒரு முறைதான் ஆடும். தனி விமானமும் உண்டு. பணம் பார்த்துப் போட்ட திட்டத்தின் அலைச்சல் முழுக்க வாலிபால், சாஃப்ட்பால், கால்பந்து ஆடும் பிள்ளைகள் தலையில். பெர்க்லி மைதானத்தின் மேல்வரிசையில் நின்றால் விரிகுடாவும் அதற்கப்பால் பசிபிக்கின் வாசலும் தெரியும். அங்கே நின்றுகொண்டு அட்லான்டிக் கடற்கரைக் கூட்டமைப்பின் கொடியைப் பார்ப்பது எனக்கு இன்னும் பழகவில்லை. இது செயலாளரின் சொந்தக் கருத்து, செயற்குழுவைக் கட்டுப்படுத்தாது.

கணக்கைப் பொருளாளர் படிப்பார். உறுப்பினர் குடும்பங்கள் 41-இலிருந்து 34 ஆகக் குறைந்தன. விலகிய ஏழில் நான்கு குடும்பம் டெக்சஸுக்குக் குடிபெயர்ந்தவை. சந்தா 25 டாலரிலேயே நிற்கிறது.

இனி இரண்டாம் விதி. பாக்-12 செத்துப்போகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பரில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் வெளியேறும் தரப்பின் மேல்முறையீட்டை ஏற்க மறுத்ததால் பெயரும் சொத்தும் மிஞ்சிய இரண்டு கல்லூரிகளின் கையில் நின்றன. கூட்டமைப்பாக நீடிக்க எட்டுக் கல்லூரிகள் வேண்டும்; குறைந்தால் சரிசெய்ய இரண்டாண்டு அவகாசம் உண்டு. 2024 செப்டம்பரில் பாய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட் சேர இசைந்தன. அக்டோபர் 1 அன்று ஃபுட்பால் அணி இல்லாத கன்ஸாகா. எட்டாவது ஃபுட்பால் கல்லூரி தேடித் தேடி, கடைசியில் டெக்சஸ் ஸ்டேட் இசைந்த நாள் 2025 ஜூன் 30. நாம் ஆண்டுக் கணக்கை மூடிய அதே நாள். நான் அறிக்கையின் இந்தப் பத்தியை அன்றிரவு மறுபடி எழுதினேன். புதிய பாக்-12 2026 ஜூலை 1 முதல் நடைபெறும். அதிலும் விரிகுடாப் பகுதிக் கல்லூரி ஒன்றுகூட இல்லை.

திருத்தத்துக்கு மூன்று வரைவுகள் வந்துள்ளன. முதலாவது, பெர்க்லியும் ஸ்டான்ஃபோர்டும் எந்தக் கூட்டமைப்புக்குப் போனாலும் நாம் அவர்கள் பின்னால் போவது. இரண்டாவது, பாக்-12 என்ற பெயரை விடாமல், 2026 முதல் ஆண்டுக்கொருமுறை ஃபிரெஸ்னோவுக்கு வண்டி கட்டுவது. மூன்றாவது என்னுடையது. கூட்டமைப்பின் பெயர் எதையும் எழுதாமல், 'காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய எந்தக் கல்லூரிப் போட்டியும்' என்று மாற்றுவது. சான் ஹோசே உள்ளே வரும், மொராகா வரும், அடித்துப் பிடித்து ஓட்டினால் ஃபிரெஸ்னோவும் வரும். நம் தலைவர் இதை 'செயலாளரின் முழங்கால் விதி' என்கிறார், நான் மறுக்கவில்லை.

நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். வாக்குச்சீட்டு காபி மேசையில் இருக்கிறது, குடும்பத்துக்கு ஒன்று. பெரியவர்களுக்கு வாக்கில்லை, ஆனால் மாமனார் ஏற்கெனவே ஒன்று எடுத்துவிட்டதாகத் தெரிகிறது. நவம்பர் 23 முதல் என் காரில் இருக்கும் எவர்சில்வர் தூக்குக்கு உரியவர் போகும்போது வாங்கிக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செயலாளர்