மொமோகோ தனிகாவாவுக்கு: நடுக்களத்தை விட்டுப் போய்விடாதே

அன்புள்ள மொமோகோ,

உன்னைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் அந்த ஒரு கோலில்தான் ஆரம்பிக்கிறார்கள், நானும் அங்கேயே ஆரம்பிக்கிறேன். 2024 ஜூலை 28, பாரிஸ், பார்க் தெ பிரான்ஸ் மைதானம், ஒலிம்பிக் பெண்கள் கால்பந்தில் உங்கள் ஜப்பானும் பிரேசிலும் மோதிய பிரிவு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஸ்பெயினிடம் தோற்றுவிட்டுத்தான் வந்திருந்தீர்கள். பிரேசில் 1-0 என்று முன்னிலையில் இருந்தது, முதல் பாதியில் உங்களுக்குக் கிடைத்த பெனால்டியையும் அவர்களின் கோல்கீப்பர் லொரெனா தடுத்துவிட்டார். இஞ்சுரி டைமில் உங்கள் தலைவி குமகாய் இன்னொரு பெனால்டியைப் போட்டுச் சமன் செய்தபோதே பாதி உயிர் வந்தது. அப்புறம் 90+6வது நிமிடத்தில், மாற்று வீராங்கனையாக இறங்கியிருந்த நீ, கிட்டத்தட்ட 30 மீட்டர் தூரத்திலிருந்து அடித்த பந்து லொரெனாவின் தலைக்கு மேலே போய் வலைக்குள் இறங்கியது. 2-1. உனக்கு அப்போது 19 வயது.

அந்த உதையை எத்தனையோ பேர் பாராட்டிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய நொடி. பிரேசில் தடுப்பாட்டக்காரரின் பாஸ் எங்கே போகும் என்று முன்கூட்டியே படித்து, குறுக்கே வந்து நின்றாயே, அது. பந்தை நிறுத்தக்கூட இல்லை, வந்த வேகத்திலேயே அடித்தாய், அதாவது கோல்கீப்பர் கோல் கோட்டிலிருந்து முன்னே வந்து நிற்கிறார் என்பதைப் பந்து வருவதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தாய். இது கோல் மட்டுமே தேடும் கண் இல்லை. நாலா பக்கமும் பார்த்துக்கொண்டே ஆடிப் பழகிய மிட்ஃபீல்டரின் கண். இந்தக் கடிதத்தை எழுதுவதே இதைச் சொல்லத்தான்: உன்னை முன்வரிசைக்குத் தள்ளப் பார்ப்பார்கள், போய்விடாதே.

அந்தக் கண் எப்படி வந்தது என்று யோசித்தால், நீ படித்த இடத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. ஜப்பான் கால்பந்து சங்கத்தின் ஃபுகுஷிமா அகாடமி. 2006இல் அங்குள்ள ஜே-வில்லேஜ் என்ற கால்பந்துப் பயிற்சி மையத்தில் தொடங்கிய பள்ளி. 2011 மார்ச்சில் நிலநடுக்கமும் சுனாமியும் வந்து அணு உலை விபத்து நடந்தபின், ஜே-வில்லேஜ் விபத்தைச் சமாளிக்க வந்த தொழிலாளர்களின் தளமாகிவிட, அகாடமி அப்படியே ஷிசுவோகாவுக்குக் குடிபெயர்ந்தது. மாணவிகள் ஃபுகுஷிமாவுக்குத் திரும்பியது 2024 வசந்தத்தில்தான், அதற்குள் நீ முடித்துவிட்டுப் போய்விட்டாய். ஆக, சொந்த மண்ணை இழந்து வேறு ஊரில் நடந்த ஒரு பள்ளியின் பிள்ளை நீ. அதே 2011 ஜூலையில் ஜப்பான் பெண்கள் ஃபிராங்க்ஃபர்ட்டில் அமெரிக்காவைப் பெனால்டியில் வென்று உலகக் கோப்பையைத் தூக்கியபோது உனக்கு ஆறு வயது. அந்த அணியின் தலைவி ஹொமாரே சவாவும் மிட்ஃபீல்டர்தான், அந்தத் தொடரில் அதிக கோல் அடித்தவரும் அவரே. நடுவில் நின்றுகொண்டும் கோல் அடிக்கலாம் என்று உன் நாட்டுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் உன் பெயர் முதலில் காதில் விழுந்தது 2022 அக்டோபரில், 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது. பிரிவு ஆட்டங்கள் மூன்றிலும் ஒரு கோல்கூட வாங்காமல் காலிறுதிக்கு வந்தீர்கள். ஸ்பெயினுக்கு எதிரான அந்தக் காலிறுதியில் முதல் கோல் உன்னுடையது. ஆட்டம் முடிய சில நிமிடங்களே இருக்கும்போது விக்கி லோபெஸ் இரண்டு கோல் அடித்து எல்லாவற்றையும் புரட்டிப்போட்டுவிட்டார். கடைசி நிமிடங்களில் ஆட்டம் கைவிட்டுப் போவதென்றால் என்ன என்பது உனக்கு 17 வயதிலேயே தெரியும். பாரிஸில் இஞ்சுரி டைமில் நீ பதறாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வட கொரியாவை 4-1 என்று வென்ற தங்கப் பதக்க அணியிலும் நீ இருந்தாய். சரி, அதற்கு அடுத்து எடுத்த முடிவைப் பற்றிச் சொல்ல வேண்டும், உன் முடிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அது. ஜப்பானின் உள்நாட்டு லீக்கில் சில வருஷம் ஆடிவிட்டு வெளிநாடு போவதுதான் வழக்கமான பாதை. உன் தேசிய அணி மிட்ஃபீல்டர் ஹசெகாவா டோக்கியோவின் பெலேசா கிளப்பில் வளர்ந்து, மிலன், வெஸ்ட் ஹாம் வழியாக மான்செஸ்டர் சிட்டிக்குப் போனார். இன்னொரு ஜப்பான் வீராங்கனை மியாசாவா 2023 உலகக் கோப்பையில் ஐந்து கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கிய பிறகுதான் மான்செஸ்டர் யுனைடெட். நீயோ அகாடமியிலிருந்து நேரே ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கோடு ஒப்பந்தம். பேராசை என்று தோன்றியிருக்கலாம், ஆனால் அதே கையோடு ஸ்வீடனில் மால்மோ நகரத்து ரோசன்கோர்ட் கிளப்புக்கு லோனில், அதாவது தற்காலிகமாக ஆட, போனாய். பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்து ஜெர்மன் குளிரைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, வாரம் தவறாமல் ஆடுவது மேல் என்று நீயும் உன்னைச் சுற்றியிருந்தவர்களும் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். ஸ்வீடன் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிகிறது, அதனால் பாதி சீசனில் போய் யாருடைய இடத்தையோ பிடிக்க வேண்டிய அவஸ்தையும் இல்லை. ஜப்பான் அணியின் ஹமானோ இங்கிலாந்தின் செல்சியில் சேர்ந்த கையோடு ஸ்வீடனின் ஹம்மர்பிக்கு லோனில் போனதும் இதே கணக்குதான்.

அந்த 2024 சீசனில் ரோசன்கோர்ட் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாத மாதிரி லீக்கை வென்றார்கள், நடுவில் நீ. பிரேசிலின் தலைவி மார்த்தா ஒரு காலத்தில் அணிந்த அதே ரோசன்கோர்ட் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த பெண்தான் பாரிஸில் அவருடைய அணியைத் தோற்கடித்தாள் என்பதை நான் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2025 ஜனவரியில் மியூனிக் போனாய். பிப்ரவரியில் புதுப் பயிற்சியாளர் நீல்சனின் கீழ் ஜப்பான் முதன்முறையாக, அமெரிக்கா நடத்தும் அழைப்புத் தொடரான ஷீபிலீவ்ஸ் கோப்பையை, அதுவும் அமெரிக்காவை அமெரிக்காவிலேயே 2-1 என்று வென்று, எடுத்தது. மே மாதத்துக்குள் பயர்னுக்கு லீக்கும் ஜெர்மன் கோப்பையும் சேர்ந்தே கிடைத்தன. நன்றாகத்தான் போகிறது.

அதனால்தான் இப்போதே சொல்கிறேன். தூரத்திலிருந்து இப்படி அடிக்கத் தெரிந்த ஒருத்தியைப் பார்த்தால் எந்தப் பயிற்சியாளருக்கும் கோலுக்குப் பக்கத்தில் நிறுத்தத்தான் கை பரபரக்கும். கோல் கணக்கு ஏறும், விளம்பரம் வரும். ஆனால் அங்கே நின்றால் பந்துக்காகக் காத்திருக்க வேண்டும், ஆட்டத்தை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்க முடியாது. உன் பலமே பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வருவதுதான். மியூனிக்கில் எங்கே ஆடச் சொன்னாலும் ஆடு, நிமிடங்கள் முக்கியம், அதை நான் மறுக்கவில்லை. தேசிய அணியில் மட்டும் ஹசெகாவாவுக்கு அருகில் உள்ள இடத்தைக் கேட்டு வாங்கு. தோள்களுக்கு மேல் திரும்பித் திரும்பிப் பார்த்து, எதிரியின் ஓட்டத்தை இரண்டு பாஸுக்கு முன்பே மறிக்கும் அவரிடம் கற்றுக்கொள்ள இன்னும் நிறைய இருக்கிறது. 2027 உலகக் கோப்பை வரும்போது அவருக்கு 30 வயது, உனக்கு 22. போட்டி நடக்கப்போவது பிரேசிலில், அந்தக் கோலை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள், நீ பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சல் போடுவார்கள். அப்போதும் நீ நடுவில் நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகன்