கோட்டையைக் கரைசேர்த்தவர்களுக்கு ஒரு பலகை: மாநகராட்சி ஆணையருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ராயபுரம், சென்னை.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் கட்டடம், சென்னை.

பொருள்: புனித ஜார்ஜ் கோட்டையின் கடல்புற வாசலுக்கு எதிரே, ராஜாஜி சாலை நடைபாதையில், மசூலா என்னும் தைத்த படகுகளை ஓட்டியவர்கள், கட்டுமரக்காரர்கள், நெசவாளர்கள் நினைவாகத் தமிழில் தகவல் பலகை அமைத்துத் தர வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். முப்பது வருடத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். வேலையில் இருந்தவரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் பிள்ளைகளைக் கோட்டைக்குக் கூட்டிப் போவேன். ஒருமுறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மதிலைப் பார்த்துவிட்டு, சாலையைப் பார்த்துவிட்டு, "கடலே இல்லையே சார், கப்பல் எங்க வந்து நின்னுச்சு?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில்தான் இந்த மனு.

அன்றைக்குக் கடல் மதிலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. துறைமுகம் வந்த பிறகுதான் அது தள்ளிப் போனது. ஆனால் கப்பல் கரைக்கு வந்து நின்றதே கிடையாது. தூரத்திலேயே நிற்கும், ஆளும் சரக்கும் படகில்தான் கரை ஏறும். இங்கே ஆழமான கழிமுகமும் இல்லை, ஒதுங்க ஒரு குடாவும் இல்லை. திறந்த கடற்கரை, வரிசை வரிசையாக உடைகிற அலை. இப்படிப்பட்ட இடத்தில்தான் ஆங்கிலேயர் குடியேறினார்கள். பழவேற்காட்டுக்கு வடக்கே ஆர்மகானில் அவர்களுக்கு ஒரு பண்டகசாலை இருந்தது, அது சரிப்படவில்லை. அதன் தலைவர் பிரான்சிஸ் டே தெற்கே இடம் தேடி வந்து, 1639 ஆகஸ்ட் 22 தேதியிட்ட உரிமைப் பத்திரத்தை இப்பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடம் பெற்றார். துணி இங்கே மற்ற இடங்களைவிட 20 சதவீதம் மலிவு என்பதுதான் அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சொன்ன முக்கியமான காரணம். அதாவது இந்த ஊரை அவர்கள் தேர்ந்தெடுத்ததே நம் நெசவாளர்களின் கைவேலைக்காக.

1640 பிப்ரவரியில் டேயும் இன்னொரு கம்பெனி அதிகாரியான ஆண்ட்ரூ கோகனும் வந்து இறங்கியபோது கூட வந்த சிப்பாய்கள் ஏறக்குறைய 25 பேர். துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, பேரி திம்மப்பா இருந்தார். தெற்கே சாந்தோமில் போர்த்துகீசியர், வடக்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர், இரண்டு பக்கமும் கோட்டை. ஆங்கிலேயரிடமோ காசில்லை. கட்டுமானச் செலவை நாயக்கர் ஏற்பார் என்று நம்பியிருந்தார்கள், அது நடக்கவில்லை. செலவழிந்த பணத்துக்கு வட்டியைத் தானே கட்டுவதாக டே சொல்ல வேண்டிவந்தது. இந்தக் கோட்டைச் செலவுக்காகக் கோகன் பின்னால் லண்டனில் கம்பெனியிடம் பதில் சொல்ல நேர்ந்தது. முதல் ஐந்தாறு வருடம் இது நிலைக்கும் என்று யாரும் சத்தியம் செய்திருக்க முடியாது.

அப்புறம் 1646-47இல் பஞ்சம். நெசவாளர்களும், துணியில் சித்திரம் எழுதும் சாயக்காரர்களும் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். பசி தாங்காமல் தங்களையே அடிமையாக விற்றுக்கொண்டவர்களும் உண்டு. துணி வாங்கத்தான் கம்பெனி இங்கே வந்தது, நெய்யக் கையில்லை என்றதும் அதன் வியாபாரமே படுத்துவிட்டது. பஞ்சத்தில் தப்பிய நெசவாளர்கள் மறுபடியும் தறியில் உட்கார்ந்ததால்தான் ஊர் எழுந்தது. வகுப்பில் இந்தப் பஞ்சத்தைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். அந்த நெசவாளர்களில் ஒருவர் பெயரைக்கூட என்னால் பிள்ளைகளுக்குச் சொல்ல முடிந்ததில்லை.

இனி படகைப் பற்றி. என் தாத்தாவின் அப்பா மசூலா ஓட்டியவர். மாம்பலகையை விளிம்போரம் துளைத்து, பலகையும் பலகையும் சேரும் இடத்தில் வைக்கோல் புரி வைத்து, மேலே தென்னங்கயிற்றால் தைப்பார்கள். ஓர் ஆணிகூடக் கிடையாது. ஆணி அடித்த கப்பல் படகு இந்த அலையில் தரை தட்டினால் பிளந்துபோகும். தைத்த படகு நெளிந்து கொடுக்கும், கொஞ்சம் தண்ணீரை உள்ளே விடும், அதை இறைத்துக்கொண்டே போவார்கள். பின்னால் நீளத் துடுப்போடு தண்டல், அதாவது படகின் தலைவர், நிற்பார். அலை உடையும் இடத்துக்கு முன்னால் படகை நிறுத்திவைத்து, எண்ணிக்கொண்டே இருந்து, பெரிய அலை கடந்ததும் குரல் கொடுப்பார். அந்தக் குரலுக்குப் பத்துப் பன்னிரண்டு துடுப்பும் ஒன்றாக விழும். ஒரு நொடி பிந்தினாலும் படகு கவிழும். கவிழ்ந்தால் ஆளைத் தூக்கக் கட்டுமரக்காரர்கள் பக்கத்திலேயே வருவார்கள். படகே இறங்க முடியாத நாளில், தண்ணீர் புகாத தொப்பிக்குள் கடிதத்தை வைத்துக்கொண்டு கப்பலுக்குப் போனவர்களும் அவர்கள்தான். கயிற்றை இழுத்து இறுக்கும் கட்டை ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கிறது. நடுவில் பிடிக்கிற இடம் மட்டும் கண்ணாடி போல் வழவழத்துக் கிடக்கிறது.

கோட்டைக்குள் தூய மரியாள் தேவாலயத்தைச் சுற்றிக் கல்லறைக் கற்களைத் தரையில் பதித்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பழையது எலிசபெத் பேக்கர் என்ற பெண்ணுடையது, 1652. தலைமை அதிகாரியாக வந்துகொண்டிருந்த ஆரன் பேக்கரின் மனைவி. ஊரைக் கண்ணால் பார்க்காமலே கப்பலில் இறந்துபோனார். அவரைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நம் படகாகத்தான் இருக்க வேண்டும், வேறு வழியே கிடையாது. அந்தக் கல் முதலில் இருந்தது இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம் இருந்த இடுகாட்டில். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அவருடைய ஆட்கள் அந்தச் சமாதிகளின் மறைவில் இருந்து சுட்டார்கள். அதனால் பின்னால் சமாதிகளை இடித்துவிட்டுக் கற்களை உள்ளே கொண்டுவந்தார்கள்.

அந்த முற்றுகையும் எப்படி முடிந்தது? 1759 பிப்ரவரியில் உதவிக் கப்பல்கள் வந்ததும் லாலி பின்வாங்கினார். கப்பல் வந்துவிட்டால் போதுமா? சிப்பாயும் வெடிமருந்தும் அந்தக் கடைசி ஒரு மைலைக் கடந்து கரை ஏற வேண்டாமா? 1640 முதல் துறைமுகம் எழும்பும் வரை, ஏறத்தாழ 240 ஆண்டுகள், இந்த ஊருக்குள் கடல்வழி வந்த ஒவ்வொரு மூட்டையும் ஒவ்வோர் ஆளும் தைத்த பலகைமேல் உட்கார்ந்துதான் வந்தார்கள். 1881 புயல், கட்டிக்கொண்டிருந்த துறைமுகச் சுவரையே உடைத்துப் போட்டது. அப்போதும் படகு இருந்தது.

தண்ணீரைப் பற்றியும் சொல்லாமல் விட முடியவில்லை. கோட்டைக்குள் நல்ல தண்ணீர் கிடையாது. 1772இல் கேப்டன் பேக்கர் (ஆரன் பேக்கர் அல்ல, வேறொருவர்) ஏழுகிணற்றில் இருந்து குழாய் போடும் வரை, 130 வருடத்துக்கு மேல், வெளியில் இருந்து சுமந்து வந்த தண்ணீரைத்தான் குடித்தார்கள். சுமந்தவர்கள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆங்கிலேயர் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. இருபது வயதில் கப்பல் ஏறி வந்து, காய்ச்சலில் செத்து, ஊர் திரும்பாமல் போனவர்கள் அவர்கள். அவர்களுக்குக் கல் இருப்பது நியாயம்தான். அவர்களைப் பிழைக்கவைத்தவர்களுக்கும் ஓர் அடையாளம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

தங்களிடம் வருவதற்குக் காரணம் உண்டு. கோட்டைக்குள் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருக்கின்றன, சோதனை முடித்துத்தான் உள்ளே போக முடியும். வெளியே நடைபாதை எல்லாருக்கும் பொது. பேருந்துக்கு நிற்கிறவர், காசிமேட்டில் இருந்து மீன் கொண்டுபோகிறவர், பள்ளிப் பிள்ளைகள், யார் வேண்டுமானாலும் நின்று படிக்கலாம். தாங்கள் தலைமை ஏற்றிருக்கும் மாநகராட்சியும் 1688இல் இதே கோட்டை ஊருக்காகத்தான் தொடங்கியது. இந்தியாவிலேயே பழைய மாநகராட்சி இது. அந்த ஊரைத் தாங்கியவர்களின் கதையை எழுதிவைக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, கடல்புற வாசலுக்கு எதிரே நடைபாதையில், நடப்பவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒரு பலகை வைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அன்று கடல் எதுவரை இருந்தது என்ற கோட்டுப்படமும், மசூலா படகு தைக்கப்பட்ட விதத்தின் படமும் அதில் வர வேண்டும். 1646-47 பஞ்சத்தில் மடிந்த நெசவாளர்களைப் பற்றி நான்கு வரியாவது வேண்டும். தமிழ் பெரிய எழுத்தில் மேலே இருக்கட்டும், ஆங்கிலம் கீழே வரட்டும். எழுத்து உயரம் ஒரு பத்து வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இருந்தால் நல்லது. நிதி இருந்தால் ஏழுகிணறு தெருவிலும் சிறியதாக ஒன்று. அங்கே இடம் கிடைப்பது சிரமம் என்பது தெரியும், அதனால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பலகைக்கான வாசகத்தை எழுதித் தரவும், துறை வல்லுநர்கள் திருத்தினால் ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருக்கிறேன். ஊதியம் எதுவும் வேண்டாம். எங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் அந்தக் கட்டையையும், பொதுமக்கள் பார்க்கும்படி வைப்பதாக இருந்தால், மாநகராட்சியிடம் ஒப்படைத்துவிடுகிறேன். அடுத்த ஆகஸ்ட் 22க்குள் பலகை வந்துவிட்டால், என் பழைய பள்ளிப் பிள்ளைகளை நானே அங்கே கூட்டி வருவேன்.

ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

இடம்: ராயபுரம், சென்னை

இணைப்பு: மசூலா படகின் தையல் அமைப்பு, கையால் வரைந்த படம் – 1