மதுவிலக்குக் காலத்து கேங்ஸ்டர் படங்களை வெட்டாமல் காட்டுங்கள்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைப்படச் சங்க அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். கேங்ஸ்டர் படங்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கினால், நம் பட்டியல்கள் பெரும்பாலும் 1970களில்தான் தொடங்குகின்றன. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்த வகைக்கு உருவம் கொடுத்த மூன்று படங்கள் வந்துவிட்டன. அவற்றிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933 டிசம்பரில்தான் நீங்கியது. ‘லிட்டில் சீசர்’, ‘தி பப்ளிக் எனிமி’ இரண்டும் 1931இல் வந்தவை, ‘ஸ்கார்ஃபேஸ்’ 1932இல். சட்டம் உயிரோடு இருந்தபோதே, அதை மீறிப் பணம் குவித்தவர்களைப் பற்றி எடுத்த படங்கள் இவை. சிகாகோவின் சாராயக் கும்பல் தலைவன் அல் கபோனுக்கு வரி ஏய்ப்பு வழக்கில் தண்டனை கிடைத்ததே 1931 அக்டோபரில்தான். பின்னாளில் கோட்டும் தொப்பியும் மாட்டி எடுத்த ‘பீரியட்’ படங்களில் இந்தச் சூடு இருக்காது.

‘ஸ்கார்ஃபேஸ்’ பற்றிக் கொஞ்சம் அதிகம் சொல்ல வேண்டும். கதை எழுதியதில் பெரும்பங்கு வகித்த பென் ஹெக்ட், சிகாகோவில் செய்தியாளராக இருந்தவர். 1929 காதலர் தினத்தன்று அங்கே ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்ட படுகொலையின் சாயல் படத்தில் அப்படியே இருக்கிறது. கொலை விழும் இடங்களிலெல்லாம் இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் ஒரு பெருக்கல் குறியை ஒளித்து வைத்திருக்கிறார். நடிகர் போரிஸ் கார்லோஃப் சுடப்படும்போது அது, பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பௌலிங் ஆட்டத்தின் மதிப்பெண் தாளில் வருகிறது. பெரிய திரையில் பார்த்தால்தான் இதெல்லாம் கண்ணில் படும்.

இந்தப் படத்தைத் தணிக்கைக்காரர்கள் பாடாய்ப் படுத்தினார்கள். தலைப்போடு ‘தேசத்தின் அவமானம்’ என்று ஒட்டவைத்தார்கள். நாயகனைக் கைதுசெய்து, விசாரித்து, தூக்கிலிடும் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. அதில் நாயகன் பால் முனி நடிக்கவே இல்லை. மாற்று ஆளை வைத்துச் சமாளித்தார்கள். தயவுசெய்து ஹாக்ஸின் முடிவோடு படத்தைக் காட்டுங்கள். விளக்குப் போடுவதற்கு முன் அந்தத் தூக்குத் தண்டனை முடிவையும் தனியாகத் திரையிடுங்கள். அதிகாரம் எதற்குப் பயந்தது என்பதைப் பார்வையாளர்களே கண்டுகொள்வார்கள்.

‘தி பப்ளிக் எனிமி’க்கு நீங்கள் வாங்கும் பிரதி எதுவென்று கட்டாயம் விசாரியுங்கள். 1934க்குப் பிறகு தணிக்கை விதிகள் இறுகியதால், மறுவெளியீட்டில் வெட்டுப்பட்ட படம் இது. மதுவிலக்கு தொடங்கும் இரவில் குழந்தை வண்டி நிறையச் சாராயப் புட்டிகளைத் தள்ளிக்கொண்டு போகும் காட்சி ஒன்று போதும், அந்தச் சட்டத்தின் கதி புரிய.

இவை ரவுடிகளைப் புகழ்கின்றன என்று உங்கள் குழுவிலேயே சிலர் தயங்கலாம். ‘தி பப்ளிக் எனிமி’யின் முடிவில் மகனை வரவேற்க ஒரு தாய் மாடியில் படுக்கை விரித்துக்கொண்டிருக்க, அவன் பிணமாக வாசலில் வந்து விழுவதைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார்.

நான்காவதாக 1939இல் வந்த ‘தி ரோரிங் ட்வென்டீஸ்’ படத்தைச் சேர்க்கலாம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பி, பழைய வேலை கிடைக்காத சிப்பாய் எப்படிச் சாராய வியாபாரி ஆகிறான் என்பதைப் பொறுமையாகச் சொல்லும் படம். மற்ற மூன்றையும் பார்த்த பிறகு இதைப் பார்ப்பது நல்லது.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: ‘தி பப்ளிக் எனிமி’, ‘தி ரோரிங் ட்வென்டீஸ்’ இரண்டிலும் நாயகனாக வரும் ஜேம்ஸ் காக்னி மழைபோல் பேசுவார். தமிழில் துணையெழுத்து இல்லாவிட்டால் பாதிப் படம் கைநழுவிவிடும். அந்த வேலைக்கு ஆள் தேவையென்றால் நான் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் திரையிடல்களுக்கு வரும் ஒரு பார்வையாளர்