தசை போனது, சதை வந்தது

கடும் வைரஸ் தொற்றிலிருந்து ஆட்களைப் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ஐசியூவில் பதினோரு நாள், வார்டில் ஒன்பது நாள் கிடந்து எழுந்தவன் எழுதுகிறேன். உயிர் தந்தீர்கள், அதில் மறுபேச்சில்லை. என் குறையெல்லாம் டிஸ்சார்ஜ் தாளைப் பற்றியது.

அதில் ஆக்சிஜன் அளவு இருந்தது, எக்ஸ்ரே இருந்தது, ரத்தப் பரிசோதனை இருந்தது. கழிவறையில் உட்கார்ந்தால் சுவரைப் பிடிக்காமல் என்னால் எழ முடியாது என்பது மட்டும் இல்லை. 'சத்தாகச் சாப்பிடவும், ஓய்வெடுக்கவும்' என்று ஒரு வரி. இரண்டையும் சிரத்தையாகச் செய்தேன். மூன்று மாதத்தில், இழந்த எட்டுக் கிலோவும் திரும்பியது. எடையைப் பார்த்த மருத்துவர், "தேறிவிட்டீர்கள்" என்றார். பார்க்க வந்தவர்களும் "நல்லா சதை போட்டிருக்கு" என்றார்கள். தகரமும் சகரமும் இடம் மாறினால் தசை சதையாகிவிடும். என் உடம்பிலும் அதுதான் நடந்திருந்தது. தொடையில் போனது வயிற்றில் வந்திருந்தது.

என் சோம்பல்தான் காரணம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் படித்தேன்: 2013இல் வெளியான ஓர் ஆய்வில் ஐசியூ நோயாளிகளின் தொடைத்தசையை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது, பத்தே நாளில் அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18% சுருங்கியிருந்தது. நோயை எதிர்த்து உடம்பில் எழும் அழற்சி தசைப் புரதத்தைக் கரைக்கிறது. படுக்கை அதற்குத் துணைபோகிறது. உயிர் காக்கும் ஸ்டீராய்டும் தன் பங்குக்கு இடுப்பு, தொடைத் தசைகளைத் தளர்த்துகிறது. எடை திரும்பும்போது கொழுப்புதான் முந்திக்கொள்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 36 பேரை அரைப்பட்டினி போட்டுப் பார்த்த சோதனையிலேயே இது தெரிந்துவிட்டது. எனவே எடைமெஷினை மட்டும் நம்பாதீர்கள். உடம்பில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளக்கும் கருவியும், காலில் நீர் கோத்திருந்தால், அதைத் தசைக் கணக்கில் சேர்த்துவிடும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். 15 விநாடி தாண்டினால் தசை பலவீனம் என்கிறது, தசை இழப்பைக் கண்டறிய 2019இல் வெளியான ஐரோப்பிய வரையறை. 2019 ஆசிய வரையறையில், உடல் இயக்கத் திறனுக்கு, 12 விநாடியே எல்லை. அனுப்பும்போது ஒருமுறை, மறுபரிசோதனையில் ஒருமுறை அளந்து தாளில் எழுதுங்கள். எழவே முடியாவிட்டால் அதையும் எழுதுங்கள். 'சத்தாக' என்று விடாமல், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் என்று கணக்குச் சொல்லுங்கள். தசைக்குச் சுமை தரும் பயிற்சிக்கு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்புங்கள். ஆனால் சிறிது உழைத்தாலே மறுநாள் படுத்துவிடுகிறவர்களும் எங்களில் உண்டு. அவர்களை "இன்னும் கொஞ்சம் முயலுங்கள்" என்று விரட்டாதீர்கள். அது நோயைக் கூட்டும்.

எனக்கு அந்த ஐந்து முறைக்கு இப்போது 13 விநாடி ஆகிறது. "தேறிவிட்டீர்கள்" என்று சொன்ன அன்று எவ்வளவு ஆகியிருக்கும் என்பதற்கு எங்கும் பதிவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பழைய நோயாளி ஒருவன்